ஏற்காடு ஏறுறப்ப பழைய காருக்கு ஹீட் ஏறுதா? ரேடியேட்டர மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம காலைல அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மேல ஏறிப் பாருங்க, எந்த பெண்டுலயாச்சும் ஒரு பழைய மாருதி 800ஓ அம்பாசிடரோ பானட்ட தூக்கி வெச்சுட்டு ஓரமா நிக்கும், பக்கத்துல ஒருத்தர் வாட்டர் பாட்டில கையில வெச்சுக்கிட்டு ஊத்தலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு நிப்பாரு. ஊத்தாதீங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். சேலம் இருக்கறது கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர்ல, ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல, நடுவுல 20 ஹேர்பின் பெண்டு. ஃபர்ஸ்ட்டு செகண்டு கியர்லயே முக்கி ஏறணும், இன்ஜினுக்கு முழு லோடு, ஆனா வண்டி போற ஸ்பீடு இருவது முப்பது தான், அதனால முன்னாடி இருந்து அடிக்கிற காத்தும் கம்மி. கீழ சேலத்துல வெயில் 40ஐ தொட்டுட்டு இருக்கும். கூலிங் சிஸ்டத்துல எங்க சின்னதா கோளாறு இருந்தாலும் இந்த ரோடு காட்டிக் குடுத்துரும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல விட்டா பாதி எடத்துல ஒரே வசனம் தான், "ரேடியேட்டர் போச்சு சார், மாத்திரலாம்". மாத்துவாங்க, பில்லு வரும், அடுத்த தடவ அதே பெண்டுல வண்டி மறுபடி நிக்கும். என்ன போச்சுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்ப ஏறுதுன்னு பாக்கணும், அது தெரிஞ்சாலே சந்தேகப்பட வேண்டிய பார்ட்ஸ் ரெண்டு மூணுக்குள்ள வந்துரும், மெக்கானிக் கிட்ட போறப்பவும் "அண்ணா, ஹீட் ஆகுது"ன்னு சொல்றதுக்கும் "அண்ணா, சிக்னல்ல நின்னா ஏறுது, ஓட ஆரம்பிச்சா எறங்கிருது"ன்னு சொல்றதுக்கும் பில்லுல ரொம்ப வித்தியாசம் வரும்.

அந்த ரெண்டாவதா சொன்னத எடுத்துக்குவோம். சேலம் அஞ்சு ரோடு சிக்னல்ல நிக்கறப்ப ஹீட் மீட்டர் முள்ளு ஏறுது, வண்டி கெளம்பி காத்து பட்டதும் எறங்குதுன்னா அது ஃபேன் சம்பந்தப்பட்டது, பத்துக்கு ஒம்போது தடவ. அதே வண்டி டவுனுக்குள்ள நல்லா இருந்து, பெங்களூர் ரோட்டுல ஏசி போட்டு தொப்பூர் மேடு ஏறுறப்பவோ எண்பது தொண்ணூறுல தொடர்ந்து போறப்பவோ ஏறுதுன்னா காத்து பிரச்சன இல்ல, தண்ணி ஓட்டம் பத்தலன்னு அர்த்தம், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பாடி (தண்ணிய சுத்தி விடுற வாட்டர் பம்ப்), ஹோஸ், இந்த வரிசையில பாக்கணும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சாறு நிமிஷத்துலயே சர்ருன்னு செவப்புக்கு போகுதுன்னா ஒண்ணு தண்ணியே இல்ல, இல்ல இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம புடிச்சு வெக்கிற தெர்மோஸ்டாட் வால்வு மூடுனபடியே மாட்டிக்கிச்சு. முள்ளு ஏறுறதும் பேட்டரி லைட் எரியுறதும் ஒண்ணா நடந்துச்சுன்னா யோசிக்கவே வேணாம், பெல்ட் அந்துருச்சு, 800 மாதிரி வண்டில டைனமோவையும் வாட்டர் பாடியையும் ஒரே பெல்ட் தான் சுத்துது, ஒடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. மலை ஏத்தத்துல மட்டும் ஏறுதுன்னா கொஞ்சம் கஷ்டம், அங்க காத்தும் கம்மி லோடும் அதிகம், ஃபேனாவும் இருக்கலாம் தண்ணி ஓட்டமாவும் இருக்கலாம், அதனால டவுன்லயும் ஹைவேலயும் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டு தான் முடிவுக்கு வரணும்.

இப்ப ஏத்தத்துல நடுவழில முள்ளு ஏறுதுன்னு வெச்சுக்குவோம். மொதல்ல ஏசிய ஆஃப் பண்ணுங்க. வண்டில ஹீட்டர் இருந்தா ஃபுல்லா போட்டு கண்ணாடிய எறக்கி விடுங்க, சேலத்துக்காரன் மே மாசத்துல ஹீட்டர் போடறதான்னு உள்ள இருக்கறவங்க திட்டுவாங்க, ஆனா ஹீட்டருக்குள்ளயும் ஒரு குட்டி ரேடியேட்டர் தான் இருக்கு, இன்ஜின் சூட்ட அது வழியா வெளிய தள்ளலாம். அகலமான எடமா பாத்து நிறுத்துங்க, பெண்டு வளைவுலயே நிறுத்திடாதீங்க, பின்னாடி பஸ் வரும். ஆவி எதுவும் வரல, முள்ளு மட்டும் மேல இருக்குன்னா ஒரு ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடலாம், தண்ணி சுத்தி ஃபேன் ஓடி எறங்க வாய்ப்பிருக்கு. ஆவி வந்தாலோ கீழ தண்ணி ஒழுகுனாலோ ஒடனே ஆஃப். டயருக்கு கல்லு வெச்சீங்கன்னா கெளம்புறப்ப அந்த கல்ல எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க சாமி, ராத்திரில பைக்ல வர்றவன் அதுல தான் ஏறி விழறான்.

சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய தெறக்கவே கூடாது. உள்ள தண்ணி நூறு டிகிரிய தாண்டி பிரஷர்ல இருக்கும், தெறந்த செகண்டுல மூஞ்சில அடிக்கும். மேல் ஹோஸ, அதாவது ரேடியேட்டர் மேல் பக்கத்துல மாட்டியிருக்கற ரப்பர் குழாய, கையில பிடிச்சு அழுத்துற அளவுக்கு சூடு கொறையுற வரைக்கும், கொறஞ்சது அரை மணி நேரம், காத்திருங்க, அப்புறம் தடியான துணிய மேல போட்டு மொத கட்டு வரைக்கும் மட்டும் திருப்பி பிரஷர விட்டுட்டு மீதிய தெறங்க. சூடான இன்ஜினுக்குள்ள பச்சத்தண்ணிய ஊத்துனா இன்ஜின் மேல மூடியிருக்கற அலுமினிய ஹெட்டு வளஞ்சு போகும் இல்ல வெடிப்பு விடும், அதுவரைக்கும் சின்னதா இருந்த செலவு அந்த ஒரு பாட்டில் தண்ணில லேத்து பட்டறை வரைக்கும் போயிரும். ஆறுன பின்னாடி அவசரத்துக்கு வெறும் தண்ணி ஊத்தி வீடு வந்து சேரலாம், தப்பில்ல.

நெசமான சோதனை அடுத்த நாள் காலைல, இன்ஜின் சுத்தமா ஆறி இருக்கறப்ப தான். மூடிய தெறந்து பாருங்க, தண்ணி கழுத்து வரைக்கும் நிக்கணும். ரிசர்வ் பாட்டில் ஃபுல்லா இருக்கு ஆனா ரேடியேட்டர்ல கொறஞ்சிருக்குன்னா குத்தவாளி பெரும்பாலும் அந்த மூடியே தான். நெறைய பேரு இத வெறும் மூடின்னு நெனைக்கறாங்க. அதுக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு, சூடாகுறப்ப பெரிய ஸ்பிரிங் வால்வு குறிப்பிட்ட பிரஷர் வரைக்கும் புடிச்சு வெச்சு அதுக்கு மேல போனா மிச்சத்த பாட்டிலுக்கு அனுப்பும், ஆறுறப்ப நடுவுல இருக்கற சின்ன வால்வு தெறந்து பாட்டில்ல இருந்து திரும்ப இழுக்கும். சின்ன வால்வு போச்சுன்னா திரும்ப வராது, காலைல பாத்தா மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிப்போய் கெடக்கும்.

பெரிய வால்வு போச்சுன்னா தான் நம்ம மலையில வெனை. தெறந்த பாத்திரத்துல தண்ணி சேலத்துல 99 டிகிரி கிட்ட கொதிக்கும், ஏற்காடு உசரத்துல 95லயே கொதிச்சுரும். இன்ஜின் சாதாரணமா ஓடுறதே 90 கிட்ட. மேல 0.9னு (0.9 பார் பிரஷர்) போட்ட நல்ல மூடி இருந்தா அந்த தண்ணி ஏற்காடு உசரத்துலயும் 115 வரைக்கும் கொதிக்காது, கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல. அப்ப மூடி பிரஷர் புடிக்கலன்னா மேல ஏற ஏற கொதிக்கிற டிகிரி கீழ எறங்கிட்டே வருது, கீழ கோரிமேட்டுல ஒண்ணுமே இல்லாத வண்டி மேல போயி பொங்குதுன்னா பாதி ரகசியம் இது தான். ரப்பர் வாசர் வெடிச்சிருக்கா, அமுக்குனா ஸ்பிரிங் கெட்டியா திரும்புதான்னு பாருங்க, சந்தேகமா இருந்தா மாத்திருங்க, ரேடியேட்டர் வெலையோட பாத்தா அது காசே இல்ல. ஆனா மேல என்ன நம்பர் போட்டிருக்கோ அதே நம்பர் தான் வாங்கணும், 0.9க்கு பதிலா 1.1 போட்டா பழைய ஹோஸும் ரேடியேட்டர் ஜாயிண்ட்டும் தாங்காது.

மூடி தெறந்திருக்கறப்பவே தண்ணி நெறத்தயும் பாத்துக்கங்க. பச்சையோ செவப்போ தெளிவா இருந்தா சரி. செங்கல் கலர்ல இருந்தா உள்ள துரு. மூடி அடியிலயும் கழுத்துலயும் வெள்ளையா பொறை படிஞ்சிருந்தா போர் தண்ணி ஊத்துன வண்டி. நம்ம ஊர்ல பல ஏரியாவுல போர் தண்ணில உப்பு எவ்வளவுன்னு வெந்நீர் போடுற பாத்திரத்தோட அடிய பாத்தா தெரியும், அதே பொறை தான் ரேடியேட்டர் ட்யூப்புலயும் இன்ஜின் பிளாக்குலயும் படியுது, ட்யூப்பு ஓட்டையே சின்னது, கொஞ்சம் படிஞ்சாலே போதும். பெட்ரோல் பங்க்ல கெடைக்கற பேட்டரி தண்ணி, அதாவது டிஸ்டில்ட் வாட்டர், அதுல கூலன்ட் கலந்து ஊத்துங்க. இங்க தண்ணி ஒறையுற குளிர் கெடையாது, அதனால மூணுல ஒரு பங்கு கூலன்ட் தாராளம், நமக்கு அது துரு புடிக்காம இருக்கறதுக்கும் கொதிநிலை ஏறுறதுக்கும் தான். சுத்தம் பண்ணுறப்ப வெளிய ஊத்துன கூலன்ட்ட கிண்ணத்துல விட்டு வைக்காதீங்க, இனிப்பா இருக்கும், நாய் குடிச்சா செத்துரும்.

அடுத்து ஃபேன். எலக்ட்ரிக் ஃபேன் வண்டின்னா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துன எடத்துலயே விடுங்க, முள்ளு பாதிக்கு கொஞ்சம் மேல வர்றப்ப ஃபேன் ஓடணும். ஓடலன்னா, 800 கார்புரேட்டர் மாடல் மாதிரி பழைய வண்டில ஃபேன் சுவிட்ச்னு ஒண்ணு தண்ணி லைன்ல இருக்கும், அதுல இருக்கற ரெண்டு ஒயர் கனெக்டர புடுங்கி, இக்னிஷன் ஆன்ல வெச்சு, ஒரு துண்டு ஒயரால ரெண்டையும் சேத்துப் பாருங்க. ஃபேன் ஓடுச்சுன்னா சுவிட்ச் போச்சு, சின்ன செலவு. அப்பவும் ஓடலன்னா ஃப்யூஸ், ரிலே, எர்த், கடைசியா மோட்டார். எம்பிஎஃப்ஐ வண்டில, அதாவது கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்‌ஷன்ல ஓடுற மாடல்ல, இந்த ஷார்ட் பண்ணுற வேல வேணாம், அங்க ஃபேன ஓட்டுறது கம்ப்யூட்டர், அத எலக்ட்ரீஷியன் கிட்ட விட்டுருங்க.

ஃபேன் ஓடுதுங்கறதாலயே சரியா ஓடுதுன்னு சொல்ல முடியாது. மோட்டார் மாத்துனப்ப ஒயர மாத்தி குடுத்துட்டா உள்ள இழுக்க வேண்டிய ஃபேன் முன்னாடி ஊதும். ஓடிட்டு இருக்கறப்ப ஒரு பேப்பர கிரில்லுக்கு முன்னாடி காட்டுங்க, ஃபேன் ரேடியேட்டருக்கு பின்னாடி இருக்கற வண்டின்னா பேப்பர் ஒட்டிக்கணும், பறந்துச்சுன்னா ஒயர் மாறியிருக்கு. அம்பாசிடர் மாதிரி பெல்ட் ஃபேனா இருந்தா பெல்ட்ட கட்டை வெரலால நடுவுல அமுக்குங்க, ஒரு அரை இஞ்ச் எறங்கலாம், அதுக்கு மேல எறங்கினா டைட் பண்ணணும், பெல்ட் உள்பக்கம் பளபளன்னு மின்னுச்சுன்னா வழுக்குது, மாத்திருங்க.

தெர்மோஸ்டாட் வால்வு விஷயத்துல எனக்கும் நெறைய மெக்கானிக் அண்ணன்களுக்கும் ஒத்துப்போகாது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு கழட்டி குப்பைல போட்டுட்டு அனுப்பிருவாங்க. கழட்டிட்டா இன்ஜின் சூடேறவே ரொம்ப நேரம் ஆகும், மைலேஜ் போகும், இன்ஜின் சீக்கிரம் தேயும், அது போக சில இன்ஜின்ல வால்வு தெறக்கறப்ப பைபாஸ் வழிய அதே வால்வு தான் மூடும், அத எடுத்துட்டா பாதி தண்ணி ரேடியேட்டருக்கே போகாம உள்ளயே சுத்தி வரும், ஏத்தத்துல முன்ன விட அதிகமா ஹீட் ஆகும். வால்வு நல்லா இருக்கான்னு பாக்க ஈசியான வழி, காலைல ஸ்டார்ட் பண்ணிட்டு மேல் ஹோஸ தொட்டுட்டே இருங்க, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம. கொஞ்ச நேரம் ஹோஸ் சூடே இல்லாம இருந்து, முள்ளு நடுவுக்கு வர்றப்ப திடீர்னு சூடாகணும், அது தான் வால்வு தெறக்கற நேரம். முள்ளு செவப்புக்கு போயும் ஹோஸ் ஜில்லுன்னு இருந்தா வால்வு மூடிக்கிடக்கு. கழட்டி சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி வெச்சு நூல்ல கட்டி தொங்க விட்டு அடுப்புல சூடு பண்ணிப் பாருங்க, அது மேலயே 82ன்னோ 88ன்னோ அடிச்சிருக்கும், அந்த டிகிரி கிட்ட மெதுவா வாய தெறக்கும், தண்ணி கொதிச்சும் தெறக்கலன்னா தூக்கிப் போடலாம். புதுசு மாட்டுறப்ப ஸ்பிரிங் பக்கம் இன்ஜின பாத்து இருக்கணும், குட்டி ஆணி மாதிரி ஆடுற ஒரு பின் இருந்தா அது மேல் பக்கமா வரணும், காத்து அது வழியா தான் வெளிய போகும்.

ரேடியேட்டர். மொதல்ல வெளிப்பக்கம், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூச்சி, சருகு, மண்ணு எல்லாம் மெத்தை மாதிரி அடைஞ்சிருக்கும், இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிய பாத்து ஓஸ் பைப்புல மெதுவா அடிச்சு கழுவுங்க, வாட்டர் சர்வீஸ் கன் வெச்சு கிட்டத்துல அடிச்சா ஃபின் எல்லாம் மடங்கி காத்து போற வழியே அடைஞ்சுரும். உள்பக்கம் அடைப்பா இல்லையான்னு பாக்க வண்டிய நல்லா சூடாக்கி ஆஃப் பண்ணிட்டு, ஃபேன் தானா ஓடாம இருக்க கனெக்டரயும் புடுங்கிட்டு, ரேடியேட்டர் மேல கைய கொஞ்ச தூரத்துல வெச்சு எடம் எடமா பாருங்க. டெம்பரேச்சர் கன் இருந்தா இன்னும் நல்லது. சூடு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு சீரா கொறஞ்சுட்டே போகணும், நடுவுல திட்டு திட்டா ஜில்லுன்னு இருந்தா அங்க ட்யூப்பு அடைச்சிருக்கு. பழைய பித்தளை ரேடியேட்டரா இருந்தா டேங்க கழட்டி ராடு விட்டு குத்தி சுத்தம் பண்ணி திரும்ப பத்த வெச்சு குடுக்கற கைத்தொழில்காரங்க இன்னும் இருக்காங்க, அவங்கள விட்டுறாதீங்க, அந்த ரேடியேட்டர் இன்னும் பத்து வருஷம் ஓடும். பிளாஸ்டிக் டேங்க் வெச்ச அலுமினியம்னா புதுசு தான்.

இங்க தான் ஒரு ஃபிரண்டோட 800 ஞாபகம் வருது. டவுன்ல ஒண்ணும் பண்ணாது, மலையில பாதி தூரம் போறதுக்குள்ள முள்ளு ஏறிரும். ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டர் மாத்திட்டாங்க, இன்னொரு எடத்துல வால்வு, வாட்டர் பாடி வரைக்கும் போயாச்சு, அப்படியே தான் இருந்துச்சு. கடைசில பானட்ட தெறந்து வெச்சு இன்ஜின் சூடா இருக்கறப்ப ஒருத்தர ஆக்சிலேட்டர் அமுக்க சொல்லி கீழ் ஹோஸ டார்ச் அடிச்சு பாத்தோம், ஐடில்ல உருண்டையா இருந்த ஹோஸ் ரேஸ் பண்ண பண்ண உள்ள இழுத்துக்கிட்டு சப்பையா ஆகுது, கால எடுத்தா பொப்புன்னு திரும்ப வருது. கீழ் ஹோஸ் வாட்டர் பாடி உறிஞ்சுற பக்கம், ரப்பர் ஊறி தொளதொளன்னு ஆயிட்டா அதிக ஆர்பிஎம்ல ஒட்டிக்கிட்டு தண்ணி வழியவே மூடிரும், டவுன்ல அவ்வளவு ஆர்பிஎம் போறதே இல்ல, அதனால தெரியல. ஹோஸும் கூடவே மூடியும் மாத்துனதோட செரியாப் போச்சு. அதனால ஹோஸ வெளிய வெடிப்பு இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அமுக்கிப் பாருங்க, பாத்துட்டே ரேஸ் பண்ணுங்க.

வாட்டர் பாடிய பத்தி சொல்ல ரொம்ப இல்ல, அடியில ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, அதுல இருந்து தண்ணி வழிஞ்ச தடம் தெரிஞ்சா உள்ள சீல் போச்சு, புல்லிய ஆட்டிப் பாத்தா ஆடுச்சுன்னா பேரிங் போச்சு. வருஷக்கணக்கா வெறும் தண்ணி ஊத்துன வண்டில உள்ள இருக்கற சக்கரத்தோட எலையே துருப்புடிச்சு கரைஞ்சு போயிருக்கும், அது வெளிய பாத்தா தெரியாது, கழட்டினா தான்.

எல்லாரும் பயப்படுறது ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல் தகடு. கீழ ஒரு சொட்டு ஒழுகல, ஆனா வாரா வாரம் தண்ணி கொறையுதுன்னா இத பாத்தே ஆகணும். ஆறுன வண்டில மூடிய தெறந்து வெச்சு, தண்ணி கழுத்து வரைக்கும் நிரப்பி, ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழி வந்து நின்னா அது உள்ள இருந்த காத்து. நிக்காம பொறுபொறுன்னு வந்துட்டே இருந்து, ரேஸ் பண்ணா அதிகமாச்சுன்னா கேஸ் அடிக்குது, சிலிண்டர்ல இருந்து தண்ணி லைனுக்கு வருது. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துலயே, தண்ணி இன்னும் சூடே ஆகல, மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆயிருச்சுன்னாலும் அதே தான். சூடான பின்னாடியும் சைலன்சர்ல வெள்ளையா புகை, இனிப்பு வாடையோட வந்தா இன்னொரு சாட்சி. ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டிப் பாருங்க, ஒண்ணு மட்டும் கழுவி வெச்ச மாதிரி சுத்தமா இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போகுது. ஆயில் மூடி அடியில வெள்ளையா பசை மாதிரி இருந்தா ஒடனே பதறாதீங்க, ஏற்காட்டுலயே இருக்கறவங்க பனில குட்டி குட்டி தூரம் ஓட்டுறப்ப ஈரம் கட்டி லேசா அப்படி வரும், ஆனா டிப் ஸ்டிக்லயும் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, அப்படியே டோ பண்ணுங்க. ஹெட்ட கழட்டுனா கேஸ்கெட் மட்டும் போட்டு மூட விடாதீங்க, லேத்துல குடுத்து ஹெட் வளைஞ்சிருக்கான்னு பாத்து தேவைப்பட்டா ஃபேஸிங் பண்ணி, அதாவது சமமா சீவித் தான் ஏத்தணும், இல்லன்னா அடுத்த கேஸ்கெட்டும் அதே வழில போகும்.

கூலிங் எல்லாம் பக்காவா இருந்தும் ஹீட் ஆகுதுன்னா வெளிய தேடுங்க. இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரம், லேட்டா இருந்தா சூடு ஏறும், டிஸ்ட்ரிபியூட்டர் வெச்ச வண்டில இது சாதாரணம். ஏத்தத்துல இன்ஜின் சத்தம் ஏறுது வண்டி ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. பிரேக் புடிச்சுட்டு ஓடுனாலும் இன்ஜின் அத இழுத்துட்டு தான் போகணும், கொஞ்ச தூரம் பிரேக் போடாம ஓட்டி நிறுத்தி நாலு வீல் பக்கமும் கைய கிட்ட வெச்சுப் பாருங்க, ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்க தான்.

முள்ளையும் முழுசா நம்பிறாதீங்க. பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் சேந்து ஏறுனா மீட்டருக்கு போற கரண்ட்டோ எர்த்தோ தப்பு, இன்ஜின் நல்லா தான் இருக்கும். இதுக்கு நேர் எதிரான ஒண்ணு இருக்கு, அது ஆபத்து. மேல ஏறிட்டு இருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்துருச்சுன்னா அப்பாடான்னு ஓட்டாதீங்க, தண்ணி மொத்தமா போயி சென்சார் காத்துல தொங்கிட்டு இருக்கலாம், சூடு ஏறிட்டே தான் இருக்கும், முள்ளுக்கு தெரியாது. அப்படியே ஓட்டுனவங்க வண்டி தான் சீஸ் ஆகி டோல வரும்.

வேல முடிஞ்சு தண்ணி நிரப்புறப்ப வண்டி மூக்கு மேல பாக்குற மாதிரி சரிவுல நிறுத்துங்க, நம்ம பக்கம் மேட்டுக்கா பஞ்சம், ஹீட்டர் லீவர சூடு பக்கம் தள்ளி வெச்சு, மெதுவா ஊத்திக்கிட்டே மேல் ஹோஸ அமுக்கி அமுக்கி விடுங்க, காத்து குமிழியா வரும். மூடி போடாமயே ஐடில்ல விட்டு ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கட்டும், கொறைய கொறைய ஊத்தி அப்புறம் மூடுங்க. ரிசர்வ் பாட்டில்ல லெவல் எங்க நிக்குதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டு கூட்டம் இல்லாத ஒரு வார நாள் காலைல அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் ஒரு தடவ ஏத்திப் பாருங்க, ஏசி இல்லாம மொதல்ல. மறுநாள் காலைல ஆறுன வண்டில லெவல் அந்த கோட்டுலயே இருந்து, மூடிய தெறந்தா ரேடியேட்டரும் கழுத்து வரைக்கும் இருந்துச்சுன்னா அடுத்த தடவ ஏசி போட்டு ஏறலாம். கோட்டுக்கு கீழ போயிருந்தா மறுபடி குமிழி டெஸ்ட்டுல இருந்து ஆரம்பிங்க.